ஆசீர் அத்தானின் பெடல்

செப்டம்பர் 4, புதன்

சமையலறைக் குழாய்க்கு வாசர் மாற்றினேன். பிளம்பர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் போன மாதம் போட்ட வாசர் அதற்குள் கிழிந்து நூலாகக் கிடந்தது. இந்த ஊரில் யாரையும் நம்பாமல் எல்லா வேலையையும் நானே செய்துகொள்வது என்று முடிவெடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது ஹெப்சி அக்கா வந்தாள். பாளையங்கோட்டையிலேயே, இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்த்துக்கொள்வதோடு சரி.

“என்னடே, கதவைத் தொறக்க இவ்வளவு நேரமா? உள்ள என்ன அரண்மனையா கெட்டி வச்சிருக்க?”

துணிப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வீட்டு வயரிங்குக்குச் சுவரில் பதிக்கிற இரும்புப் பெட்டி. மேலே காலால் அமுக்குகிற ஒரு சுவிட்சு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு. நான் செய்த பெடல். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இதைச் சொருகிக் காலால் ஒரு மிதி மிதித்தால், கம்பியின் சத்தம் கரகரத்து எழும்பி, முடியும் இடத்தில் கத்தி வைத்தாற்போல் அறுந்து விழும். அக்காவின் கணவர் ஆசீர் அத்தானுக்குத் தென்மாவட்டத்து மெல்லிசைக் கச்சேரிகளில் இருக்கிற பெயர் முழுவதும் அந்தக் கரகரப்பில் வந்தது. அதாவது என்னால் வந்தது.

“செத்துப் போச்சு” என்றாள்.

“டவுன்ல கடை இருக்குல்லா.”

“போகாமயா? உள்ள கறுப்பா எதையோ உருக்கி ஊத்தியிருக்கு, எந்தக் கிறுக்கன் செஞ்சான்னு கேக்கான் கடைக்காரன். என் தம்பிதான்னு சொன்னேன்.”

பிறகு உட்கார்ந்துகொண்டு சொன்னாள். சென்னையில் யாரோ ஒரு இளம் இசையமைப்பாளர் பழைய கேசட் ஒன்றில் அத்தானின் வாசிப்பைக் கேட்டிருக்கிறான். சினிமாப் பாட்டு ஒன்றுக்கு அதே சத்தம் வேண்டுமாம். பதினெட்டாம் தேதி ரெக்கார்டிங்.

“கச்சேரியே இப்ப வாறதில்ல தம்பி. எல்லாப் பயலும் கம்ப்யூட்டர்ல வாசிக்கான். இதுவும் போச்சுன்னா அவுக கிடாரை மூடி வச்சிருவாக. பேசாம மோட்டுவளையை வெறிச்சிட்டு உக்காந்திருக்காக.”

“நான் அவருகிட்ட பேசுறதில்லைன்னு உனக்குத் தெரியும்.”

“நீ அவுககிட்ட பேச வேண்டாம். பெட்டிகிட்ட பேசினாப் போதும்.”

பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கூடவே ஒரு டப்பாவில் அவியல். தேங்காய் அதிகம்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பாலிடெக்னிக்கில் அத்தனை வருடம் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு வாழ்த்துகூட வரவில்லை. சாக்பீஸ் எண்ணிக்கொண்டிருந்தவன் பிரின்சிபால் ஆன கல்லூரியில் இதற்குமேல் எதிர்பார்ப்பது என் மடமை.

ஏன் அத்தானோடு பேசுவதில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன், என் பக்கம் யாரும் கேட்டதில்லை என்பதால்.

அவருக்குப் பெயர் வந்த காலத்தில் ஒரு கிறிஸ்துமஸுக்கு உள்ளூர் கேபிள் டிவியில் பேட்டி எடுத்தார்கள். இந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று கேள்வி. இவர் சொன்னார்: “என் மச்சினன் பாலிடெக்னிக் வாத்தியாரு. அவன்கிட்ட ஒரு பெடல் செஞ்சு தரக் கேட்டேன். எதையோ தப்பா மாட்டிட்டான். அந்தத் தப்புலதான் நான் இன்னைக்கு வரைக்கும் சோறு திங்கேன்.” பேட்டி எடுத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்தார்.

கல்லூரி திறந்ததும் கரும்பலகையில் ‘தப்பு சார் வருக’ என்று எழுதியிருந்தது. கையெழுத்தைக் கண்டுபிடித்து இன்டர்னல் மார்க்கில் கவனித்துக்கொண்டேன். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அடுத்தடுத்து வந்த பிள்ளைகளுக்கு அது எதனால் வந்த பெயர் என்றுகூடத் தெரியாது. கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெடலைச் சரிசெய்யப் போகிறேன். அவருக்காக அல்ல. திறந்து, ஒவ்வொரு உறுப்பையும் தொட்டுக் காட்டி, ‘எங்கே தப்பு, காட்டுங்கள்’ என்று அவர் முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன்.

செப்டம்பர் 7, சனி

முதலில் சாதாரணச் சோதனைகள். கடைக்காரர்கள் செய்யாமல் விடுவது இவற்றைத்தான். புது பேட்டரி: சரியாக இருக்கிறது. பேட்டரி கிளிப்: பச்சை பிடித்திருந்தது, சுரண்டினேன். கிடார் வயர் சொருகும் இரண்டு துளைகளும் நன்று. சுவிட்சை அமுக்காதபோது சத்தம் தடையில்லாமல் போகிறது. அமுக்கினால் ஒரு ‘கர்ர்’, பிறகு ஒன்றுமில்லை. ஆக, கோளாறு உள்ளே, கறுப்புப் பசைக்கு அடியில்.

அந்தப் பசை பற்றியும் சொல்லவேண்டும். மெல்லிசைக் குழுக்களில் மைக் செட் ஆட்கள் எதைப் பார்த்தாலும் இரவோடிரவாகக் காப்பி அடிப்பார்கள். அதனால் செய்து முடித்ததும் ஆரல்டைட்டில் கறுப்புச் சாயம் கலந்து முழுவதும் ஊற்றி மூடினேன். உறுப்புகளைப் பலகையில் வைப்பதற்கு முன்பே டிரான்சிஸ்டர்களின் மேல் அச்சிட்டிருந்த எண்களையும் அரம் வைத்துத் தேய்த்து அழித்தேன். வெளிநாட்டில் பெடல் செய்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். படம் எதுவும் வரைந்து வைக்கவில்லை. என் தலைக்குள் இருப்பதைக் காகிதத்தில் வைப்பானேன்?

இப்போது தலைக்குள் பாதிதான் இருக்கிறது. இரண்டு டிரான்சிஸ்டர் என்பது நினைவிருக்கிறது. மற்றவை தோண்டினால் தெரியும்.

தெருமுனையில் பிள்ளையாருக்குப் பந்தல் போட்டு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். பேஸ் மட்டும்தான் கேட்கிறது. கேட்பவர்களுக்கும் அது போதும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தோண்டினேன்.

பசையைக் கரைக்க நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் நல்லது என்று ஒரு மேதாவி இணையத்தில் எழுதியிருந்தான். நேற்றே ஃபேன்ஸி ஸ்டோரில் கேட்டேன். “எந்த வாசனை சார், ரோஸா, ஸ்ட்ராபெர்ரியா?” என்று அந்தப் பெண் கேட்டாள். ஸ்ட்ராபெர்ரி. பசை அசையவில்லை. வீடு முழுவதும் நாறியதுதான் மிச்சம்.

பிறகு என் வழியில் செய்தேன். சால்டரிங் அயர்ன் முனையால் ஒரு இடத்தை மட்டும் சூடாக்க வேண்டும். இளகும் நேரத்தில் கோணி ஊசியால் ஒரு சில்லு பெயர்க்க வேண்டும். ஆற விட்டு மறுபடி. கூடுதல் சூடானால் உறுப்பு செத்துவிடும், குறைந்தால் பசை வராது. பெயர்க்கப் பெயர்க்க, இதை ஊற்றியவன் மீது ஒரு மரியாதை வந்தது. ஒரு மூலை விடவில்லை.

சாயங்காலத்துக்குள் பாதி பலகை வெளியே வந்தது. வலது சுட்டுவிரலில் கொப்புளம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கோளாறு கிடைத்தது. உள்ளே வருகிற சத்தத்தை முதல் டிரான்சிஸ்டருக்குக் கடத்துகிற கெபாசிட்டரின் காலடியில் ஈயம் வளையமாக விரிசல் விட்டிருக்கிறது. பசை இறுகி இறுகிப் பலகையை இழுத்ததில் வந்தது. ஒரு பொட்டு ஈயம் வைத்தால் தீர்ந்தது. டவுன் கடைக்காரன் எந்தக் கிறுக்கன் என்று கேட்டானாம்.

ஆனால் அதற்குள் ஒரு விபத்து. ஊசி வழுக்கி, இரண்டாவது டிரான்சிஸ்டரின் ஒரு கால் உடம்போடு ஒட்டி உடைந்துவிட்டது. பரவாயில்லை. பலகையில் துளைகளின் வரிசையைப் பார்த்தாலே எந்த வகைக்காகத் துளைத்தேன் என்று தெரிகிறது. நம்மூரில் எங்கும் கிடைக்கிற பி.சி. வகை. என் உதிரிபாக டப்பாவில் புதிதாகவே இருக்கிறது.

செப்டம்பர் 11, புதன்

புது டிரான்சிஸ்டர் போட்டேன். வேலை செய்கிறது. சுத்தமான, பலமான சத்தம், சொல்லிக்கொடுத்த கணக்குப்படி. பலகையை மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நெடுநாளாயிற்று.

அக்காவுக்குப் போன் செய்து, அத்தானே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன்.

“உன் வீட்டுக்கா? அவுகளா?”

“பெட்டி வேணும்னா.”

செப்டம்பர் 12, வியாழன்

வந்தார். தலைக்குச் சாயம் அடித்திருக்கிறார். சட்டைக் காலரில் அதன் கறை. அறுபதை நெருங்குகிற மனிதருக்குத் தங்க நிறச் சங்கிலி. கிடாரைத் தோளிலிருந்து இறக்கி, நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

“எப்படி இருக்க மாப்ள?”

“பெட்டியைப் பாருங்க.”

மூடியைக் கழற்றி வைத்திருந்தேன், அவர் பார்க்கட்டும் என்று. அவர் உள்ளே பார்க்கவே இல்லை. வயரைச் சொருகி, மிதித்து, வாசித்தார். அவருடைய பழைய சிக்னேச்சர், எல்லாக் கச்சேரியிலும் கை தட்டு வாங்குகிற துண்டு. பாதியில் நிறுத்தினார். மறுபடி வாசித்தார். திருகுகளைத் திருப்பினார்.

“நல்லாருக்கு மாப்ள.”

“நல்லா இருக்கத்தான் செய்யும்.”

“ஆனா இது இல்ல.”

“எது இல்ல?”

“சத்தம் அறுந்து விழணும். இது கொசு மாதிரி நீண்டுகிட்டே போகுதே. கடையில விக்கிற பெடல் இப்படித்தான் இருக்கும்.”

கச்சேரி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று நின்று காது போயிருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. “இருக்கலாம்” என்றார். அப்புறம் சொன்னார், “அங்க கேக்கப் போறது என் காது இல்லையே மாப்ள. அந்தப் பையன் கேசட்டை வச்சிக்கிட்டு உக்காந்திருப்பான்.”

பெடலை எடுக்காமல் போய்விட்டார். நான் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்க வாய்ப்பு வரவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. எடை குறைவு என்று சண்டை போட்டேன். எடை சரியாகத்தான் இருந்தது.

ஒரு வேலையை முழுமையாக முடிப்பது என் வழக்கம் என்பதால், உடைந்த பழைய டிரான்சிஸ்டரையும் சோதித்தேன். உடம்பை அரத்தால் லேசாகச் சுரண்டி, உள்ளிருக்கும் காலின் குச்சியில் மயிரிழைக் கம்பி ஒட்டி, மல்டிமீட்டரில் மாட்டினேன். பி.சி. வகைக்கு உரிய வரிசையில் மாட்டினால் அது சத்தத்தைப் பெருக்கவே மாட்டேன் என்கிறது, செத்ததற்குச் சமம். திருப்பி மாட்டினால் நன்றாகப் பெருக்குகிறது.

மல்டிமீட்டரின் பேட்டரி பலவீனமாக இருக்கலாம் என்று மாற்றினேன். மறுபடி அதே.

செப்டம்பர் 14, சனி

மழை. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

டிரான்சிஸ்டரில் இரண்டு குலம் உண்டு. பார்க்க ஒரே மாதிரி, மூன்று கால், ஒரு பக்கம் தட்டை. ஆனால் பி.சி. வகையில் கால்களின் வரிசை ஒரு விதம், அமெரிக்க வகையில் அதற்கு நேர் எதிர். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை யோசிக்காமல் போட்டால் தலைகீழாக நிற்கும். எரிந்து போகாது; அரை உயிரோடு வேலை செய்யும். பலமான சத்தத்தை மட்டும் விட்டு, மெலிந்ததும் சட்டென்று அறுத்துவிடும். முதலாமாண்டுப் பிள்ளைகள் லேபில் செய்கிற பிழை இது. எத்தனை பேரை இதற்காக வெளியே நிற்க வைத்திருக்கிறேன்.

அப்போது சென்னை ரிட்சி தெரு உதிரிபாகக் கடைக்காரன் பி.சி. என்று சொல்லி அமெரிக்க வகையைக் கலந்து கொடுத்திருப்பான். அவன்கள் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருப்பான்கள். எண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எண் இல்லை.

எண் ஏன் இல்லை என்பது இங்கே தேவையற்ற விஷயம்.

செப்டம்பர் 16, திங்கள்

முடிவு: பெடல் இப்போது சரியாக இருக்கிறது. சரியாக இருக்கிற ஒன்றைக் கோணலாக்கித் தரச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. திருப்பி மாட்டினால் அந்தக் கேபிள் டிவிச் சிரிப்புக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டதாகும். மாட்டமாட்டேன். அவர் வேறு ஏதாவது செய்துகொள்ளட்டும்.

மதியம் அவரே வந்தார், கிடாரோடு. அக்கா அனுப்பவில்லை என்று வாசலிலேயே சொன்னார்.

“பெடலைத் தா மாப்ள. இருக்கிறதை வச்சுப் போறேன்.”

“அது சரியா வருமா?”

“வராது. கண்டுபிடிச்சிருவான். ஆனா வண்டிக்கு டிக்கெட் போட்டாச்சு. உங்கக்கா சட்டையெல்லாம் தேய்ச்சு வச்சிட்டா. போகலைன்னு எப்படிச் சொல்ல?” சிரித்தார். “போய், வயசாயிருச்சு தம்பி, விரல் அப்படி வராதுன்னு சொல்லிட்டு வந்திருவேன். பெட்டியைச் சொல்லமாட்டேன்.”

இது எந்த மாதிரிப் பெருந்தன்மை என்று தெரியவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. விரல் வராது என்று சொல்லி வருகிறவனுக்கு மறுபடி யார் கிடாரைத் தருவார்கள்?

“உக்காருங்க” என்றேன். “சின்னதா ஒரு அட்ஜஸ்ட்மென்ட் பாக்கி இருக்கு.”

முதுகை அவர் பக்கம் திருப்பி வைத்து வேலை செய்தேன். டிரான்சிஸ்டரின் ஈயத்தை உருக்கி எடுத்து, தட்டைப் பக்கம் எதிர்ப்புறம் பார்க்க மறுபடி வைத்தேன். மொத்தமும் ஒரு டீ குடிக்கிற நேரம். நிமிர்ந்தபோது அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து மேசை தெரியும் என்பது அப்போது என் புத்தியில் படவில்லை.

வயரைச் சொருகினார். மிதித்தார். முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. கரகரத்து எழும்பி, முடியும் இடத்தில் அறுந்து விழுந்தது. அந்த அறுந்த இடத்தில் ஒரு அமைதி இருக்கிறது. அதைத்தான் இவ்வளவு காலமும் கச்சேரிகளில் ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள். நான் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை.

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“குடிக்கத் தண்ணி இருக்கா மாப்ள?” என்றார்.

அவருக்கு எலக்ட்ரானிக்ஸ் ஒரு எழுத்து தெரியாது. ஃபியூஸ் போடவே ஆள் கூப்பிடுகிறவர். கவலைப்பட ஒன்றுமில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

அக்கா போன் செய்து உத்தரவு போடுகிறாள், நானும் கூடப் போக வேண்டுமாம். “அங்க போய் மறுபடி நின்னு போச்சுன்னா? அவுக பெட்டியைப் பாத்துத் தலைய ஆட்டிட்டு நிப்பாக. நீ பேச வேண்டாம், ரயில்ல கண்ண மூடிட்டு வா.” இன்னொரு டிக்கெட்டும் போட்டிருக்கிறாள். என்னைக் கேட்காமல்.

சால்டரிங் அயர்ன், ஈயம், மல்டிமீட்டர், ஒரு பேட்டரி எடுத்து வைத்தேன். போவது பெட்டிக்காக.

செப்டம்பர் 18, புதன்

ஸ்டூடியோ என்றால் ஏதோ நினைத்திருந்தேன். வடபழனிப் பக்கம் ஒரு வீட்டின் மாடி. சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். இசையமைப்பாளன் அரைக்கால் சட்டையில் இருந்தான். ஒலிப்பதிவு செய்கிற நிவாஸ் என்பவனுக்கு என் கடைசி பேட்ச் பிள்ளைகளின் வயது.

அத்தான் வாசித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். ஒரு இடத்தில் அவர் விரல் தடுக்கியது. இன்னொரு வாய்ப்புக் கேட்டு, மறுபடி வாசித்தார். இரண்டாவது முறை அரைக்கால் சட்டை எழுந்து நின்றுவிட்டான். “அங்கிள், இதுதான். இதேதான்.” அத்தான் தலையைக் குனிந்து கம்பியைத் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவைவிட நேரம் எடுத்தார்.

டீ வந்தபோது எல்லோரும் ஒரே அறையில் இருந்தோம். நிவாஸ் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அங்கிள், இந்த கேட் ஆகிற, சட்டுன்னு அறுந்து விழுற எஃபெக்ட்டை நான் சாஃப்ட்வேர்ல மாசக்கணக்கா ட்ரை பண்ணினேன். வரல. உள்ளே என்ன இருக்கு?”

அத்தானிடம்தான் கேட்டான். இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கேள்விக்கு இவரிடம் ஒரே பதில்தான் இருக்கிறது, எல்லா ஊரிலும் சிரிப்பு வாங்கின பதில். அது உண்மை என்று இப்போது எனக்கே தெரியும் என்பது வேறு. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விடலாம் என்று பார்த்தேன். கதவு நிவாஸுக்குப் பின்னால் இருந்தது.

அத்தான் டீயை ஊதினார்.

“இவுக என் மச்சினன். பாலிடெக்னிக்ல பெரிய வாத்தியார். இவுக செஞ்சதுதான். உள்ள ஒரு டிரான்சிஸ்டரைத் தலைகீழா வச்சிருக்காக” என்றார். “வேணும்னேதான். வேற யாருக்கும் தோணாது.”

என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தே சொன்னார்.

“தலைகீழாவா? சார், சூப்பர் சார்” என்று நிவாஸ் என் பக்கம் திரும்பினான். “எப்படி சார் அப்படி யோசிச்சீங்க?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று நான் இருந்த காலம் கொஞ்சமல்ல. பதில்கூட வாக்கியம் வாக்கியமாகத் தயாராக வைத்திருந்தேன், வேறொரு பெடலுக்கு, தப்பே இல்லாத ஒன்றுக்கு. நான் வாய் திறக்காவிட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடும். தெரிந்தால் அத்தான் பொய் சொன்னதாகிவிடும். என்னை விட்டுத்தள்ளுங்கள், அவரை இவர்கள் முன்னால் அப்படி நிறுத்த முடியாது.

சொல்ல ஆரம்பித்தேன். பெருக்கத்தை வேண்டுமென்றே குறைப்பதன் அவசியம், மெலிந்த சத்தத்தை எங்கே அறுப்பது என்ற கணக்கு, அந்தக் காலத்தில் இதை யோசித்த விதம். நன்றாகவே சொன்னேன். நிவாஸ் மொபைலில் குறித்துக்கொண்டான். அரைக்கால் சட்டையும் வந்து நின்று கேட்டான். ஒரு பயலும் சிரிக்கவில்லை.

அத்தான் அந்த நேரம் முழுவதும் மூலையில் உட்கார்ந்து, தலை நிமிராமல் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கிடார் ஏற்கெனவே சுருதியில்தான் இருந்தது.